படுத்தால் மூச்சு முட்டுகிறது: வயிறா, இதயமா?

(தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

செவ்வாய்க்கிழமை காரிமங்கலத்தில் சந்தை. ஆட்டை விற்றவர், தேங்காய் மூட்டையை ஏற்றிவிட்டவர், காய்கறிப் பையோடு பேருந்துக்கு நிற்பவர் என்று ஊருக்குள் கூட்டம் நெரியும் நாள். அன்றைக்கு மருந்துக் கடைகளிலும் கூட்டம்தான். ஒரு கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்:

"அண்ணா, ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுண்ணா. எழுந்து உட்கார்ந்தாத்தான் சரியாவுது. கேஸுதான். ஏதாச்சும் மாத்திரை குடுங்க."

"நாலு நாளைக்குத் தரேன். காலையில வெறும் வயித்துல போடுங்க. ராத்திரி காரம் வேணாம்."

அட்டையில் நாலு மாத்திரை வெட்டப்படுகிறது. காசு கைமாறுகிறது. அடுத்த ஆள் சீட்டை நீட்டுகிறார்.

இதில் நோயைக் கண்டுபிடித்தவர் நோயாளிதான். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். முழுக்கத் தவறு என்றால் ஒரே பேச்சில் மறுத்துவிடலாம்; பாதி சரியாக இருப்பதுதான் சங்கடம். வயிற்றிலிருந்து எதுக்களிக்கும் அமிலம் ராத்திரியில் மூச்சை முட்ட வைக்கும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால் "எழுந்து உட்கார்ந்தால்தான் சரியாகிறது" என்ற அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எந்த மருத்துவரும் முதலில் வயிற்றைத் தொடமாட்டார். முதுகுப் பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, நுரையீரலின் அடிப்பகுதியில் நீர் கோத்திருக்கும் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா, கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி விழுகிறதா என்று பார்ப்பார். அவர் தேடுவது இதயத்தை. கேஸ் என்ற முடிவு கடைசியில் வரவேண்டியது. நம் ஊர்களில் அது முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

படுக்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது? நிற்கும்போதும் நடக்கும்போதும் ரத்தத்தில் ஒரு பகுதி கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் இறங்கி நிற்கிறது. மல்லாந்து படுத்ததும் அதில் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை நெஞ்சுக்குத் திரும்புகிறது. அதே நேரத்தில் குடலும் ஈரலும் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. நுரையீரல் விரிய இடம் குறைகிறது. நல்ல ஆரோக்கியமுள்ளவருக்கும் இது நடக்கிறது. அவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதயம் தளர்ந்தவருக்குத் தெரியும். திரும்பி வந்த ரத்தத்தை இடப்பக்க இதயம் வாங்கி வெளியே தள்ள முடியாமல் திணறும்போது அது நுரையீரலில் தேங்குகிறது. ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. உட்கார்ந்தால் ரத்தம் மறுபடி கீழே இறங்க, மூச்சு வருகிறது. அதனால்தான் மருத்துவர்கள் "தலைக்கு எத்தனை தலையணை வைக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். விளையாட்டாகக் கேட்பதுபோல் இருக்கும். ஆனால் ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்ட ஒருவருடைய கதை முழுக்க அந்தப் பதிலில் வந்துவிடும். நோயாளிச் சீட்டில் "இரண்டு தலையணை", "மூன்று தலையணை" என்றே எழுதிவைக்கும் வழக்கம் மருத்துவ உலகில் உண்டு.

இன்னொரு விதமும் இருக்கிறது. படுத்ததும் ஒன்றும் ஆகாது. ஒன்று, இரண்டு மணி நேரம் நன்றாகத் தூங்குவார். பகலில் காலில் தேங்கிய நீர் மெல்ல மெல்ல ரத்தத்தில் கலந்து நெஞ்சுக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். பிறகு தூக்கிவாரிப் போட்டதுபோல் எழுவார். கட்டிலோரம் காலைத் தொங்கப்போட்டு உட்காருவார். காற்று போதாது என்று கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வருவார். அடங்குவதற்குக் கால் மணி, சில சமயம் அரை மணிகூட ஆகும். வீட்டில் இருப்பவர்கள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். கஷாயம் ஆறிக் குடிப்பதற்குள் மூச்சு சீராகியிருக்கும். பாராட்டு சுக்குக்குப் போய்விடும்.

இதெல்லாம் எழுபது வயதைத் தாண்டியவர்களின் வியாதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 18 மருத்துவமனைகளில், இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. மேலைநாட்டுப் பதிவேடுகளில் இது எழுபதைத் தாண்டும். நம் பக்கத்தில் இந்த நோய் பத்து ஆண்டு முந்திக்கொண்டு வருகிறது.

அதைவிட இளையவர்களின் கதை சென்னையில் கிடைத்திருக்கிறது. நம் பேச்சுக்கு மிக நெருக்கமான தமிழ்நாட்டு ஆதாரம் அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கர்ப்பிணிகளுக்கு நெஞ்செரிச்சல் வருவது ரொம்பச் சாதாரணம். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன், உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வுத் தசையைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை இரைப்பையை மேலே தள்ளுகிறது. மாதம் ஏற ஏற மூச்சு வாங்குவதும் சாதாரணம். அதனால் ஒரு பெண் "படுக்க முடியலம்மா, மூச்சடைக்குது" என்றால், "வயித்துல பிள்ளை இருந்தா அப்படித்தான்டி, எனக்கும் இருந்துச்சு" என்று அம்மாவோ மாமியாரோ சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

ஆனால் எல்லா நேரமும் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை, இதய நோயுள்ள 1,005 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்துப் பதிவேடு ஒன்றை உருவாக்கினார்கள். அதில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குத் தங்கள் இதயத்தில் கோளாறு இருப்பது அந்தக் கர்ப்பத்தின்போதுதான் முதன்முதலாகத் தெரியவந்தது. ஏறத்தாழ 100-ல் 2 பேர் இறந்தார்கள். மிகுதியாகக் காணப்பட்டது ருமாட்டிக் இதய நோய். அந்த நோயின் தொடக்கம் சின்ன வயதில் வந்த தொண்டை வலி. சரியாக மருந்து சாப்பிடாமல் விட்ட தொண்டைக் கிருமி, சிலருக்கு மூட்டு வீக்கமாக வந்து போகும். போகிறபோது இதய வால்வைப் பழுதாக்கிவிட்டுப் போகும். வால்வு பத்துப் பதினைந்து வருடத்தில் மெல்லச் சுருங்கும். வயலில் குனிந்து வேலை செய்யும்போதெல்லாம் சமாளித்த இதயம், கர்ப்பத்தில் ரத்த அளவு நாற்பது, ஐம்பது சதவீதம் கூடும்போது திணறிவிடும். அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று, படுத்தால் மூச்சு முட்டுவது.

அந்தப் பெண்ணுக்கு நெஞ்செரிச்சலும் கூடவே இருந்திருக்கும். எரிச்சலுக்குக் கொடுத்த டானிக்கில் எரிச்சல் குறைந்துமிருக்கும். மூச்சுத்திணறல் மட்டும் அங்கேயே நின்றிருக்கும். கர்ப்பிணியின் சோதனை அட்டையில் ஹீமோகுளோபினும் ரத்த அழுத்தமும் எழுதுகிறபோது, "படுக்கும்போது மூச்சு எப்படி இருக்கு?" என்று கிராமச் செவிலியர் கேட்கும் ஒரு கேள்விக்கு இருக்கும் மதிப்பை அந்தச் சென்னைப் பதிவேடு காட்டுகிறது. சந்தேகம் வந்தால் எக்கோ எடுக்க வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அந்தச் சோதனையால் எந்தத் தீங்கும் கிடையாது. குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனும் அதே ஒலி அலைதான்.

சரி, இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நுரையீரலையும் பார்க்க வேண்டும். ஆஸ்துமா விடியற்காலை மூன்று, நாலு மணிக்குத்தான் அதிகம் தொல்லை கொடுக்கும். விறகடுப்புப் புகையில் முப்பது வருடம் நின்ற பெண்களுக்கும், பீடி பிடித்த ஆண்களுக்கும், கல் குவாரித் தூசியில் வேலை பார்த்தவர்களுக்கும் நுரையீரல் தேய்ந்திருக்கலாம். குறட்டை விட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று மூச்சு நின்று, பிறகு பெருமூச்சோடு விழித்தால் அது தூக்கத்தில் தொண்டை அடைபடும் நோய். அதைப் பக்கத்தில் படுத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். இவற்றையெல்லாம் தாண்டிய பிறகு வயிற்றுக்கு வரலாம்.

வயிறு எப்படி மூச்சைத் தொடுகிறது? உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அதன் அடியில் இருக்கும் தசை வளையம் விழுங்கும்போது திறந்து உடனே மூடிக்கொள்ள வேண்டும். தளர்ந்துவிட்டால் இரைப்பையில் இருப்பது மேலே வரும். பகலில் புவியீர்ப்பு அதைக் கீழே இறக்கிவிடுகிறது; நாம் அடிக்கடி விழுங்கும் உமிழ்நீர் மிச்ச அமிலத்தைக் கழுவிவிடுகிறது. தூக்கத்தில் இரண்டும் இல்லை. உமிழ்நீர் சுரப்பது கிட்டத்தட்ட நின்றுவிடும், விழுங்குவதும் அபூர்வம். வயிறு முட்டச் சாப்பிட்டு மல்லாந்து படுத்தவரின் இரைப்பை, மூடி சரியில்லாத குடத்தை நிறைத்துச் சாய்த்து வைத்ததற்குச் சமம்.

மேலே வந்த அமிலம் மூச்சைக் கெடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேர் வழி: தொண்டைவரை வந்து, துளித் துளியாக மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது. இன்னொன்று நரம்பு வழி. கருவில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் ஒரே குழாயிலிருந்து பிரிந்தவை. இரண்டையும் ஆள்வது வேகஸ் என்ற ஒரே நரம்பு. ஆகவே அமிலம் உணவுக்குழாயின் அடியில் பட்டாலே, நுரையீரலுக்குள் ஒரு துளி போகாமலே மூச்சுக்குழாய் சுருங்க முடியும். 1978-ல் மான்ஸ்ஃபீல்ட், ஸ்டெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆஸ்துமா நோயாளிகளின் உணவுக்குழாயில் நீர்த்த அமிலத்தைச் சொட்டவிட்டுப் பார்த்தார்கள். மூச்சுப் பாதையின் தடை கூடியது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதிகம் பயமுறுத்துவது அதுதான். அமிலம் குரல்வளையைத் தொட்டதும் அது பட்டென்று மூடிக்கொள்ளும். தூங்கிக்கொண்டிருப்பவர் துள்ளி எழுவார். மூச்சை இழுக்க முடியாது, பேச்சு வராது, கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வரும். செத்தோம் என்று நினைப்பார். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாகத் திறந்துகொள்ளும். வாயில் புளிப்பும் தொண்டையில் எரிச்சலும் மிஞ்சும். கிராமங்களில் இதையும் அமுக்குவான் பேய்க் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அமுக்குவான் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் வேறு: விழிப்பு வந்துவிடும், கைகால் அசையாது, நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்ததுபோல் இருக்கும். அது தூக்கத்தில் தசைகள் கட்டுண்டு கிடக்கும் நிலை. குரல்வளை மூடியவர் கட்டுண்டு கிடக்கமாட்டார், எழுந்து ஓடுவார். மந்திரித்துக் கயிறு கட்டுவதற்கு முன் இந்த வித்தியாசத்தை விசாரிப்பது நல்லது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இளைப்புக்கும் உள்ள உறவு பழைய செய்திதான். 1892-ல் முதல் பதிப்பு வெளிவந்த மருத்துவ நூலுக்குப் பேர்போன வில்லியம் ஆஸ்லர், வயிற்றை நிரப்பினால் ஆஸ்துமா கிளம்பும் என்றும், நோயாளிகள் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள் என்றும் எழுதினார். 1912-ல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ரோம்ஹெல்ட், வயிற்று உப்புசத்தால் நெஞ்சு படபடக்கும், அடைக்கும் என்று விவரித்தார். நம் ஊர் "கேஸ்" கோட்பாட்டுக்கு மேல்நாட்டிலும் ஒரு தகப்பன் இருந்திருக்கிறார்! அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும் என்பதை நோயாளிகளை வைத்து 1935-ல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் ஆஷர் விங்கல்ஸ்டீன். 1946-ல் நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன், 44,016 கர்ப்பிணிகளின் பதிவுகளை அலசி, பிரசவ மயக்கத்தின்போது 66 பேருக்கு இரைப்பையில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்று காட்டினார். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி "எதுவும் சாப்பிடாதீங்க" என்று நம்மிடம் கறாராகச் சொல்வதில் அந்த ஆய்வுக்கும் பங்குண்டு. தளர்ந்த வால்வைச் சுற்றி இரைப்பையின் மேல்பகுதியை மடித்துத் தைக்கும் அறுவையை 1950-களில் வகுத்தவர் ருடால்ஃப் நிஸ்ஸன். 1948-ல் ஐன்ஸ்டீனின் வயிற்றுப் பெருந்தமனி வீங்கியபோது அதற்குச் செல்லோஃபேன் சுற்றி ஏழு வருடம் கூட்டிக்கொடுத்தவரும் அவரே.

அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் பிறகு வந்தன. ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வில் பிறந்த சிமெடிடின் 1976-ல் பிரிட்டனில் கடைக்கு வந்தது. அந்த வகை ஆராய்ச்சிக்காக 1988-ல் அவருக்கு நோபல் பரிசு. அதே 1988-ல் ஸ்வீடனில் ஒமெப்ரசோல். அதன் தம்பிதான் இன்று நம் சட்டைப்பைகளில் இருக்கும் பேண்டப்ரசோல்.

அமிலம் மூச்சைக் கெடுக்கிறது, அமிலத்தைக் குறைக்க நல்ல மருந்து இருக்கிறது. ஆகவே மருந்து கொடுத்தால் மூச்சு சரியாகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ள, ஆனால் நெஞ்செரிச்சல் இல்லாத அல்லது மிகக் குறைவான 412 பேரில் ஒரு பாதிக்கு எசோமெப்ரசோல் 40 மில்லிகிராம் தினம் இருவேளை, மறுபாதிக்கு வெறும் மாத்திரை, 24 வாரம். 2009-ல் முடிவு வெளியானது: ஆஸ்துமாவில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. அவர்களில் 40 சதவீதம் பேருக்குச் சோதனையில் எதுக்களிப்பு இருந்தது. அவர்களுக்கும் பலன் இல்லை. 2012-ல் 306 குழந்தைகளிடம் லான்சோப்ரசோல் வைத்துச் செய்த ஆய்வும் அதையே சொன்னது. வயிற்றில் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு, மூச்சு முட்டுகிறது என்பதற்காக மட்டும் அமில மாத்திரை கொடுப்பது வீண் என்பதே இதிலிருந்து வரும் பாடம்.

நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருந்து, கூடவே ராத்திரி மூச்சும் முட்டினால் விஷயம் வேறு. அவர்களுக்கு எட்டு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம்வரை மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று இன்றைய நெறிமுறைகள் ஒப்புகின்றன. இந்தியாவில் இப்படிப்பட்டவர்கள் குறைவும் இல்லை. இந்திய இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், விசாரித்த 3,224 பேரில் 7.6 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது; எதுக்களிப்பு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குழாய் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் பெரிய மருத்துவமனைகளில் மூக்கு வழியாக மெல்லிய கம்பி ஒன்றை இறக்கி, வால்வுக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே நிறுத்தி, ஒரு முழு நாள் அமிலத்தை அளப்பார்கள். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி தொங்கும். மூச்சு முட்டும்போதெல்லாம் அதில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கிய நேரமும் அமிலம் ஏறிய நேரமும் ஒத்துப்போகிறதா என்பதில் வழக்கு தீர்ந்துவிடும்.

மருந்தைப் போலவே படுக்கைக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் இதில் பங்கு உண்டு. தருமபுரிப் பக்கம் ராத்திரி எட்டரை, ஒன்பதுக்குக் களி கிண்டிச் சூடாகச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவியதும் பாயை விரிப்பது பல வீடுகளில் நடக்கிறது. களியின்மேல் குற்றம் இல்லை. ராகி நல்ல தானியம். குற்றம் கடிகாரத்தில் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும். காட்டு வேலையும் கட்டட வேலையும் முடித்து எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். அவருக்கு நடைமுறைக்கு ஒத்த வழி, ஆஸ்லர் காலத்து நோயாளிகள் கண்டதுதான்: மதியம் வயிறார, ராத்திரி அரை வயிறு. ராத்திரி ஊற்றிக்கொள்ளும் குவார்ட்டர் வால்வை இன்னும் தளர்த்துகிறது. தொப்பை குறைந்தால் எதுக்களிப்பும் குறையும். புளி, மிளகாய், காபி ஆளுக்கு ஆள் மாறும். எது தனக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விட்டால் போதும்.

எப்படிப் படுப்பது? இடப்பக்கம். இரைப்பையின் அமைப்பு அப்படி. இடப்பக்கம் படுத்தால் அமிலம் தேங்கும் பகுதி வால்வுக்குக் கீழே போய்விடுகிறது. 2022-ல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 57 பேரின் தூக்கத்தை அளந்தார்கள். உணவுக்குழாயில் ஏறிய அமிலம் இறங்க, வலப்பக்கம் படுத்தபோது 90 விநாடி ஆனது. இடப்பக்கம் படுத்தபோது 35 விநாடி. காசில்லாத வைத்தியம் இதைவிட வேறென்ன வேண்டும்? தலைமாட்டை உயர்த்தச் சொல்வார்கள். அதற்குத் தலையணையை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடங்கி, வயிறு நசுங்கி, எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். மரக் கட்டிலென்றால் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குச் செங்கல் வைத்தால் முடிந்தது. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்திருக்கும்; அது உதவாது. பாயில் படுப்பவர்கள் இடுப்பிலிருந்து தலைவரை ஒரே சாய்வாக ஏறும்படி கெட்டியான மெத்தைத் துண்டையோ மடித்த ஜமக்காளங்களையோ பாய்க்கு அடியில் கொடுக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தலைமாட்டை உயர்த்தியதும் மூச்சு நன்றாக வருகிறது, ஆகவே கேஸ்தான் என்று முடிவு கட்டக் கூடாது. இதய நோயாளிக்கும் தலைமாட்டை உயர்த்தினால் மூச்சு நன்றாகத்தான் வரும்.

வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதில் அம்லோடிபின் இருக்கும். அந்த வகை மாத்திரை சிலருக்கு வால்வைச் சற்றுத் தளர்த்தக்கூடும். கணுக்காலிலும் வீக்கம் காட்டும். இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது எதுக்களிப்பைவிட ஆபத்து. செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொன்னால் மாற்று மாத்திரை உண்டு. இளைப்புக்கு நம் ஊர்களில் அள்ளிக் கொடுக்கப்படும் டெரிஃபிலினும் வால்வைத் தளர்த்தும் ரகம். எதுக்களிப்பால் வந்த இளைப்புக்கு அதையே கொடுத்தால் நோய் சுற்றிச் சுற்றி வரும்.

இவற்றைவிடக் கவலை தருவது வலி மாத்திரை. நாற்று நட்ட இடுப்பு வலிக்கும் மூட்டை தூக்கிய முதுகு வலிக்கும் கடையில் தினம் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் இரைப்பையைப் புண்ணாக்கும். அதே நேரத்தில் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கித் தளர்ந்த இதயத்தை மூழ்கடிக்கும். வயிறும் எரியும், மூச்சும் முட்டும். அப்புறம் "கேஸ்" என்று மறுபடி அதே கடைக்கு வந்து, பொங்கும் உப்புப் பொட்டலம் ஒன்றைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். அதில் சோடியம் நிறைய. ஏப்பம் வந்து நிம்மதி கிடைக்கும். இதய நோயாளிக்கு அது உப்பைக் கரைத்துக் குடித்த மாதிரிதான்.

பேண்டப்ரசோலை மருத்துவர் சொன்னபடி போட்டுக்கொள்ளும்போது காலை உணவுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். சாப்பாடு இறங்கும்போது வேலை செய்யத் தொடங்கும் அமிலச் சுரப்பிகளைத்தான் அது தடுக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போட்டால் பாதி வீண். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தானாகவே வாங்கிப் போடுபவர்களுக்கு வைட்டமின் பி12-ம் மக்னீசியமும் குறையலாம்.

எல்லாவற்றையும் விட அவசரமான ஒன்று. புதிதாக மூச்சு முட்டி, நெஞ்சில் பாரமும் வியர்வையும் இருந்தால், அல்லது வலி இடக் கைக்கும் தாடைக்கும் போனால், சோடா வாங்க ஆள் அனுப்பக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் மூச்சுத்திணறலாகவும் வயிற்றுச் சங்கடமாகவும் வரலாம். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இருப்பு வைத்திருக்கிறார்கள். முதல் தவணையை அங்கேயே கொடுத்துவிட்டுத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் உதவி அது.

மற்றவர்கள் பதற வேண்டாம். ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். படுத்தால் மூச்சு முட்டுவது இரண்டு வாரமாகத் தொடர்கிறது என்றால், கால் வீக்கம் சேர்ந்திருந்தால், சளியில் ரத்தம் தெரிந்தால், விழுங்கும்போது சோறு நிற்பதுபோல் இருந்தால், எடை குறைந்தால், கர்ப்பமாக இருந்தால், மருந்துக் கடைக்குப் போகும் காலை மருத்துவமனைப் பக்கம் திருப்புங்கள். 2008-ல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி, காரிமங்கலத்திலிருந்து நெடுஞ்சாலையில் அரை மணி நேரப் பயணம். புறநோயாளிச் சீட்டு வாங்கி உள்ளே போனதும் "கேஸ்" என்று ஆரம்பிக்காதீர்கள். படுத்து எவ்வளவு நேரத்தில் முட்டுகிறது, எத்தனை தலையணை, உட்கார்ந்தால் எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது, வாயில் புளிப்பு உண்டா, கால் வீங்குகிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரு இசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எக்கோ எடுத்த பிறகு மருத்துவரே "இது வயிறுதான்" என்று சொன்னால், அந்தச் செங்கற்களைக் கட்டிலுக்கு அடியில் தாராளமாக வையுங்கள்.